மூன்றாம் பதிப்பு

பகாவ் கடைத்தெருவில், கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடி.
வாடகை நூற்று எண்பது வெள்ளி, மின்விசிறி சேர்த்து.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி கீழே திரும்பும்போதெல்லாம்
திரையில் நான் இழுக்கும் செம்புக்கோடு
கொஞ்சம் நடுங்கும்.

பகலில் சினாவாங் தொழிற்சாலையில்
எட்டு அடுக்குப் பலகைகளை உருப்பெருக்கிக்கு அடியில் பார்க்கிறவள் நான்.
எது எதற்கு என்று சொல்ல மாட்டார்கள்.
வரைபடம் பூட்டிய அறையில்.
அதனாலோ என்னவோ, இரவில் ஒன்று வரையத் தொடங்கினேன்
எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி:
எட்டுக்கால் சில்லு ஒன்று, ஒரு விளக்கு, ஒரு பொத்தான்,
முதலைக் கவ்வி கடிக்க அகலமாய் ஐந்து துளை.

எளிமை என்பது தினம் ஒரு சண்டை.
யுஎஸ்பி வாயை எடுத்தேன், மூன்று வெள்ளி மிச்சம்.
மறுவாரமே திரும்ப வைத்தேன்.
அது இல்லாமல் நிரல் எந்த வழியாக உள்ளே போகும்?

முதல் பதிப்பை ஞாயிற்றுக்கிழமை
பூப்பந்து மண்டபத்தின் பின்னறையில் பிரித்துக் கொடுத்தேன்.
ஆலையில் கொதிகலன் பார்க்கும் குணாளனுக்கு
கூரைத்தொட்டி நிரம்பினால் கத்துகிற ஒன்று வேண்டும்.
பேட்டரியைத் தலைகீழாகப் போட்டார்.
கருகிய மீன் வாடை.
"நான் கெடுத்துட்டேன்" என்றார், எழுந்தே நின்றுவிட்டார்.
இல்லை. தலைகீழாகப் போட விட்டது என் பலகை.
அன்றிரவே ஒரு டையோடு சேர்த்தேன்,
முப்பது சென், ஒருவழிப் பாதைக்குக் காவல்.

இரண்டாம் பதிப்பில் பெயர்களைத் தமிழில் பொறித்தேன்.
சென்ஜெனிலிருந்து பெட்டி வந்தது.
நேர. எதிர. மின. பொததான.
ஒரு புள்ளி மிச்சமில்லை.
அவ்வளவு சிறியதைத் தூசு என்று எண்ணித்
துடைத்துவிடுமாம் அவர்கள் இயந்திரம்.
முடி திருத்தும் கடை வசந்தமலர் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்:
"பல்லெல்லாம் கொட்டிப் போச்சா இதுக்கு?"

நானும் சிரித்தேன். மாடிக்கு வந்து அழுதேன்.
நூற்றிருபது வெள்ளி.

பிறகு, இரவு இரண்டு மணிக்கு,
'மின்' என்ற சொல்லின் தலைமேல்
மையில் அல்ல, செம்பில் வைத்தேன் புள்ளியை:
இரண்டு அரைவட்டம், நடுவே மயிரிழை இடைவெளி.
பேட்டரியிலிருந்து வரும் பாதை அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.
வாங்குகிறவர் முதல் வேலையாக
சூட்டுக்கோலை எடுத்து ஒரு சொட்டு ஈயம் வைக்க வேண்டும்.
அதுவரை பலகை மின, அதற்குப் பிறகு மின்.
இலக்கணத்தில் புள்ளி வைத்தால் உயிர் போகும்.
இதில் வைத்தால்தான் வரும்.

கோப்புகளைத் திறந்து போட்டேன். எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம்.
திருத்தியதைப் பூட்டி வைக்க மட்டும் கூடாது.
காஜாங்கில் இருக்கும் அத்தை மகன் கேட்டான்,
"உனக்கு இதுல என்ன கிடைக்கும்?"
குளுவாங்கிலிருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியது கிடைத்தது:
மின்தேக்கி சில்லுக்கு இன்னும் அருகில் இருக்க வேண்டும்.
அளந்தேன். அவர் சொன்னது சரி. எனக்குக் காது சுட்டது.

சிபுவில் யாரோ தமிழை எடுத்துவிட்டு
'ஹிடுப்' என்று மலாயில் பொறித்திருக்கிறார்கள்.
ரூமி எழுத்து 'ஐ'யின் தலையில் ஒரு புள்ளி உண்டே,
அங்கே வைக்கிறார்கள் ஈயத்தை.
படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குணாளனின் தொட்டி விடியற்காலை மூன்றுக்குக் கத்துகிறது.
அவர் அந்நேரம் ஆலையில்.
மனைவி பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார்.
நான்காம் பதிப்பில்
சத்தத்தைக் குறைக்க ஒரு திருகு வேண்டும்.
துளைகளும் இன்னும் அரை மில்லிமீட்டர்.